ஐஸ் துருவலில் பாலுக்கு என்ன வேலை?

(நனிசைவ உணவு குறித்துப் பினாங்கில் நடந்த மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விலங்குகளிடமிருந்து வரும் எதையும் உண்ணாத நனிசைவம் பற்றிப் பேச ஒருவரை அழைத்தால், எதை எதை விட வேண்டும் என்ற பட்டியலோடுதான் அவர் வருவார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பால் கூடாது, தயிர் கூடாது, நெய் கூடாது, தேன் கூடாது என்று. நான் இன்று சாப்பிடுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்த ஊர் வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு நாக்கு தேடுகிற ஒன்றைப் பற்றி: செண்டோல், ஐஸ் கச்சாங், அவற்றின் உறவுக்கார ஐஸ் துருவல்கள் அத்தனையும். பாலை விட்டுவிட்ட நம் பிள்ளைகள் பலர், இந்தக் கடைகள் இனித் தங்களுக்கு இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தேவையற்றது என்று சொல்லத்தான் இந்த ஒரு மணி நேரம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துருவிய ஐஸ் என்ற பண்டம் பிறந்தபோது அதில் பால் கிடையாது. பால் இடையில் வந்து சேர்ந்தது. அப்படி வந்ததற்கு ருசியைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது: டப்பாவில் அடைத்த பால் கெடாது. அந்தக் காரணத்துக்கு இன்று வலு இல்லை. ஆகவே பால் ஊற்றாத ஒரு கிண்ணம் கேட்கிற நனிசைவர் புதுமை எதையும் கேட்கவில்லை. அந்தப் பண்டத்தின் பழைய உருவத்தைத்தான் கேட்கிறார்.

இதற்குச் சான்று ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஜப்பானில் இருக்கிறது. அங்கே அரசியின் தோழியாக இருந்த செய் ஷோனகோன் என்ற பெண்மணி, ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி ‘தலையணைப் புத்தகம்’ என்று இன்று அறியப்படும் நூலை எழுதினார். அவர் நயமானவை என்று கருதும் பொருள்களின் வரிசையில், புத்தம் புதிய உலோகக் கிண்ணத்தில் துருவிய ஐஸைப் போட்டு அதன்மேல் இனிப்புப் பாகு ஊற்றியதும் ஒன்று. அந்தப் பாகின் பெயர் அமாசுரா. ஒரு கொடியின் சாற்றை எடுத்துக் காய்ச்சிக் குறுக்கிய பாகு அது. கரும்புச் சர்க்கரை அரிதாக இருந்த காலம். குளிர்காலத்தில் வெட்டிய ஐஸை நிலவறைகளில் வைக்கோல் மூடிப் பாதுகாத்து, கோடையில் எடுத்து அரண்மனைக்குக் கொண்டுவந்தார்கள். தண்ணீர், கொடிச்சாறு, கத்தி இந்த மூன்றும்தான் மூலப்பொருள். ஐஸ் துருவலைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று இது. நனிசைவக் கணக்குப்படி அந்தக் கிண்ணத்தில் குறை சொல்ல எதுவுமே இல்லை.

வெப்பநாட்டவரான நமக்கு ஐஸ் வந்த கதை வேறு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரெடரிக் டியூடர், அங்குள்ள குளங்களிலும் ஏரிகளிலும் உறைந்த ஐஸை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி விற்றார். 1833இல் ‘டஸ்கனி’ என்ற கப்பல் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு நான்கு மாதம் கடலில் வந்து கல்கத்தாவில் ஐஸ் இறக்கியது. சென்னையில் அந்த ஐஸைச் சேமிக்க 1842இல் கடற்கரையோரம் ஒரு கட்டடம் எழுந்தது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் போய்ப் பார்க்கும் கட்டடம் அதுதான். அந்த வட்டாரத்தை ‘ஐஸ் ஹவுஸ்’ என்றுதான் சென்னைக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் வாம்போவா என்று அழைக்கப்பட்ட வணிகர் ஹூ ஆ கே 1854இல் ஐஸ் இறக்குமதி செய்து பார்த்தார். அப்போதெல்லாம் அது வசதி படைத்தவர்களின் பண்டம். இயந்திரத்தால் ஐஸ் செய்யும் ஆலைகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பெருகிய பிறகுதான் ஐஸ் கட்டி தெருவுக்கு வந்தது.

தெருவுக்கு வந்த ஐஸ் முதலில் எப்படி விற்றது? இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு ஐஸ் உருண்டை நினைவிருக்கும். ஒரு மரப்பலகை, அதன் நடுவே கத்தி மேல்நோக்கிப் பதித்திருக்கும். தச்சர் வைத்திருக்கும் இழைப்புளியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்த மாதிரி. ஐஸ் கட்டியின் முதுகில் ஆணி அடித்த ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கடைக்காரர் முன்னும் பின்னுமாகத் தள்ளுவார். கீழே விழும் தூளை இரண்டு கையாலும் பிடித்து உருட்டி, ஒரு பக்கம் சிவப்புப் பாகு, மறுபக்கம் பச்சைப் பாகு ஊற்றிக் கொடுப்பார். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் கை சிவக்க உறிஞ்சிக்கொண்டே வீடு போய்ச் சேர்வார்கள். ஐஸ் கச்சாங்கும் ஆரம்பத்தில் அவ்வளவு எளிமையானதுதான். துருவிய ஐஸ், வேகவைத்துச் சர்க்கரையில் ஊறிய சிவப்புப் பயறு, மேலே பாகு.

பால் எப்போது வந்தது? 1856இல் அமெரிக்கர் கெயில் போர்டன், பாலின் நீரை வற்றவைத்துக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சர்க்கரை சேர்த்து டப்பாவில் அடைத்த பால் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருந்தது. 1866இல் சுவிட்சர்லாந்தில் ஆங்கிலோ-சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனி தோன்றியது. 1905இல் அது நெஸ்லேயோடு இணைந்தது. மலாயாவில் அந்த நிறுவனத்தின் தொழில் 1912இல் தொடங்கியது. எங்கே என்றால், இதே பினாங்கில்தான். நம் ஊர்த் தேநீர், காப்பி, ஐஸ் அத்தனையிலும் டப்பாப்பால் புகுந்ததற்கு இந்தத் துறைமுகமும் ஒரு வாசல்.

இங்கே நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தேங்காய் காய்த்துக் குலுங்கும் நாட்டில், தேங்காய்ப்பாலை விட்டுவிட்டு ஐஸ் விற்பவர் டப்பாப்பாலுக்கு ஏன் போனார்? காலையில் பிழிந்த தேங்காய்ப்பால் இந்த வெயிலில் பிற்பகலுக்குள் புளித்துவிடும். விற்காமல் மிஞ்சினால் நட்டம். தள்ளுவண்டியில் குளிர்பெட்டியும் கிடையாது. டப்பா அப்படியில்லை. தேவைப்படும்போது மூடியில் இரண்டு ஓட்டை போட்டு ஊற்றினால் போதும். மிச்சம் இருந்தாலும் அவசரமில்லை. வாங்க மலிவு, சுமக்க எளிது. ஏழை வியாபாரியின் நியாயமான கணக்கு அது. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்று கடைக்குக் கடை குளிர்பெட்டி இருக்கிறது. தேங்காய்ப்பால் பெட்டியில் அடைத்தே கிடைக்கிறது. காரணம் போன பிறகும் பழக்கம் மட்டும் நிற்கிறது.

பாலை ஏன் விட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. பசு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும். பால் வேண்டும் என்பதற்காகவே அதை மீண்டும் மீண்டும் சினைப்படுத்துகிறார்கள். பிறக்கும் காளைக்கன்று பால்பண்ணைக்கு வேண்டாத உயிர். வீட்டுக் கொட்டிலில் பசு நின்ற காலத்தில் அந்தக் கன்றின் முகத்தை நாம் பார்த்தோம். டப்பாவில் கன்று தெரிவதில்லை. தெரியாததால் கேட்கவும் தோன்றுவதில்லை. இதை மனத்தில் வாங்கிக்கொண்டவர்கள்தான் இன்று பாலை விடுகிறார்கள். அவர்களுக்கு நாம் ஒரு குளிர்ந்த கிண்ணத்தையாவது மறுக்காமல் கொடுக்க வேண்டாமா?

சரி, கடைக்குப் போவோம். நம் பினாங்கில் கெங் குவீ சந்தில் 1936 முதல் நடந்துவரும் தியோச்சியூ செண்டோல் கடையை அறியாதவர் இல்லை. இன்னொரு பக்கம், வண்டியில் ரோஜாக் கலவையும் செண்டோலும் சேர்த்து விற்கும் நம் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் இந்த நாடு முழுவதும் பெயர் பெற்றவர்கள். செண்டோலின் அடிப்படை என்ன? பச்சை நூல் மாதிரி இருப்பது அரிசி மாவோ பயத்தமாவோ. பண்டான் இலைச் சாறு விட்டு, துளி சுண்ணாம்புத் தெளிநீர் சேர்த்து, கரண்டி நிற்கும் பதத்துக்குக் கிண்டி, ஓட்டைத் தட்டில் வைத்து அழுத்தினால், கீழே உள்ள குளிர்ந்த தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விழுந்து இறுகும். அடுத்தது தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்போடு. அடுத்தது குலா மலாக்கா, அதாவது தென்னம்பாளையிலிருந்து இறக்கிய நீரைக் காய்ச்சி எடுத்த கருப்பட்டி. பிறகு சிவப்புப் பயறு, ஐஸ். இதில் எந்த விலங்கும் இல்லை. நனிசைவருக்கென்று எதையும் மாற்ற வேண்டாம். முறையாகச் செய்த செண்டோல் ஏற்கெனவே நனிசைவம்.

ஐஸ் கச்சாங்கில் சற்றுக் கவனம் வேண்டும். மலைபோல் குவித்த ஐஸுக்கு அடியில் இருப்பவை பெரும்பாலும் செடியும் மரமும் கொடுத்தவைதான். சிவப்புப் பயறு, சோளம், வறுத்த வேர்க்கடலை, புதினாக் குடும்பத்துச் செடி ஒன்றைக் காய்ச்சிச் செய்யும் கறுப்பு ‘சிஞ்சாவ்’, நீப்பா பனையின் இளங்கொட்டையைப் பாகில் ஊறவைத்த ‘அத்தாப் சீ’. சிக்கல் எல்லாம் மேலே ஊற்றுவதிலும் உச்சியில் வைப்பதிலும்தான் இருக்கிறது. ஆகவே கடையில் நிற்கும்போது ஐந்து கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி, ஐஸ் எதில் ஆனது என்பது. இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் கொரியாவில் பிங்சு என்னும் ஐஸ் துருவல் விற்கும் கடைகள் பலவற்றில் பாலையே உறையவைத்துத் துருவுகிறார்கள். தைவானின் ‘பனிப்பூ ஐஸ்’ அப்படித்தான். நாக்கில் வைத்தவுடன் பஞ்சாகக் கரைகிறதே, அது பாலின் கொழுப்பும் சர்க்கரையும் செய்யும் வேலை. அங்கே போய் ‘மேலே பால் ஊற்ற வேண்டாம்’ என்று சொல்வதால் பயனில்லை, அடிக்கட்டியே பால். தண்ணீர் ஐஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். தைவானிலேயே பழைய பாணி ஐஸ் கடைகள் தண்ணீர் ஐஸைத் துருவி, வெல்லப்பாகு ஊற்றி, சேம்பும் பாசிப்பயறும் வேர்க்கடலையும் வைத்துத் தருகின்றன.

இரண்டாவது, ஊற்றுவது என்ன? இங்கேதான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். டப்பாவில் பால் என்று இல்லாமல் ‘கிரீமர்’ என்று போட்டிருந்தால் பால் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நம் கடைகளில் இருக்கும் இனிப்புக் கிரீமர்களில் பாமாயிலோடு பால் திடப்பொருளும் சேர்ந்தே இருக்கும். பால் சாராதது என்று சொல்லப்படும் கிரீமர் தூளிலும் சோடியம் கேசினேட் இருக்கக்கூடும். கேசின் என்பது பாலின் புரதம். அதைவிட முக்கியம், தேங்காய்ப்பால் தூள். தேங்காய்ப்பாலை உலர்த்தித் தூளாக்கும்போது கொழுப்பு கட்டி தட்டாமல் இருக்கப் பல தயாரிப்பாளர்கள் இதே சோடியம் கேசினேட்டைச் சேர்க்கிறார்கள். ஆக, செண்டோலில் தேங்காய்ப்பால்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட முடியாது. பிழிந்ததா, பெட்டியா, தூளா என்று கேளுங்கள். தூள் என்றால் பையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஜெல்லி எதில் இறுகியது? அகர் அகர் என்றால் கவலை இல்லை. அது கடற்பாசி. ராமநாதபுரம் கரையோரத்துப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கிப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். ஜெலட்டின் என்றால் அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுத்தது. ஹலால் முத்திரை இருப்பது அது பன்றியிலிருந்து வரவில்லை என்பதற்கு உறுதி தரும். மாட்டிலிருந்தோ மீனிலிருந்தோ வந்திருக்கலாம். கையால் தொட்டே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். அகர் ஜெல்லி வெயிலில் வைத்தாலும் உருகாது, கடித்தால் நறுக்கென்று உடையும். ஜெலட்டின் ஜெல்லி ரப்பராக இழுக்கும், வெளியே வைத்தால் தளரும். தைவானிலும் சிங்கப்பூரிலும் ஒரு வகை அத்திக்கொடியின் விதையைத் துணியில் கட்டித் தண்ணீருக்குள் பிசைந்தே ஒரு ஜெல்லி செய்கிறார்கள், அய்யூ என்று பெயர். அடுப்பே வேண்டாம், தானாக இறுகும். எலுமிச்சைச் சாறும் துருவிய ஐஸும் சேர்த்துச் சாப்பிட்டால் அதற்கு ஈடு கிடையாது.

நான்காவது, சிவப்பு எங்கிருந்து வந்தது? பாகு பாட்டில்களின் சிவப்பு பெரும்பாலும் செயற்கைச் சாயம். ஆனால் சிலவற்றில் ஈ120 என்ற எண் இருக்கும். கார்மைன் என்பது அதன் பெயர். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் செதில்பூச்சிகளை உலர்த்தி அரைத்து எடுக்கும் சாயம் அது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னைச் சைதாப்பேட்டையில் இந்தப் பூச்சிக்காகவே கள்ளித்தோட்டம் போட்டுப் பார்த்தார் என்பது வரலாறு. ‘இயற்கை நிறம்’ என்று எழுதியிருந்தால் நாம் மகிழ்ந்துவிடுகிறோம். பூச்சியும் இயற்கைதான் என்பதை மறக்க வேண்டாம். எண்ணைப் பாருங்கள்.

ஐந்தாவது, உச்சியில் என்ன வைக்கிறார்கள்? ஒரு கரண்டி ஐஸ்கிரீம், பிலிப்பைன்ஸின் ஹாலோ ஹாலோ என்னும் ஐஸ் துருவலில் முட்டையும் பாலும் சேர்ந்த கேரமல் புட்டிங், ஹவாயில் உச்சியில் ஊற்றும் கெட்டிப்பால், சில இடங்களில் தேன். இவை எல்லாம் கடைசியில் சேர்ப்பவை. முன்கூட்டிச் சொன்னால் எளிதில் தவிர்க்கலாம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கடைக்காரரிடம் ‘இது சைவமாண்ணே?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘ஆமாம் தம்பி, சுத்த சைவம்’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. நம் வீடுகளில் பாலும் நெய்யும் சைவத்துக்குள் அடங்கியவைதானே. பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ‘அண்ணே, பால் ஊத்தாதீங்க, ஐஸ்கிரீம் வேண்டாம், தேங்காய்ப்பால் மட்டும் விடுங்க’ என்றால் வேலை முடிந்தது. மலாய் அக்காவிடம் ‘ககாக், ஜாங்ஙான் லெத்தாக் சூசூ, சந்தான் சாஜா’ என்றால் புன்னகையோடு செய்து தருவார். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது அறவுரை வேண்டாம். ஒரு வரி போதும். அன்றாடம் பத்துப் பேர் அந்த ஒரு வரியைச் சொன்னால், பால் இல்லாத கிண்ணம் அந்தக் கடையின் பட்டியலில் தானாக ஏறும்.

ஒரு எச்சரிக்கை. கொள்கைக்காகப் பாலை விட்டவர், கரண்டியில் ஒட்டிய ஒரு துளிக்காகக் கடைக்காரரோடு சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு அந்தத் துளியே ஆபத்து. அவர்களுக்கு வேறு கரண்டி, கழுவிய கிண்ணம் என்று கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

வெளிநாட்டுப் பயணம் போகிறவர்களும் பயப்பட வேண்டாம். ஜப்பானில் பச்சைத் தேயிலைப் பாகும் இனிப்புப் பயறும் சேர்ந்த ‘உஜி கிந்தோகி’யை, ‘ரென்யூ’ என்னும் கெட்டிப்பால் இல்லாமல் கேளுங்கள். ஒக்கினாவாவில் ‘ஜென்சாய்’ என்றால் கருஞ்சர்க்கரையில் வெந்த ராஜ்மாவின்மேல் துருவிய ஐஸ். சிசிலியில் வாதுமைப் பாலில் செய்யும் கிரானிட்டா கிடைக்கும், அதோடு வரும் ரொட்டியில்தான் வெண்ணெயும் முட்டையும் உண்டு. மும்பைக் கடற்கரையில் நாவல்பழ நிறத்துக் ‘காலா கட்டா’ கோலா என்னும் ஐஸ் உருண்டையைக் கேளுங்கள், பாலேடு சேர்த்த ‘மலாய் கோலா’வை விட்டுவிடுங்கள்.

இப்போது வீட்டுக்கு வருவோம். டப்பாப்பால் ஐஸின்மேல் என்ன வேலை செய்கிறது என்பது தெரிந்தால், அதன் இடத்தை நிரப்புவது எளிது. குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகவே உறைக்கும். ஐஸ் உருக உருகப் பாகும் நீர்த்துப்போகும். அதனால் துருவலின்மேல் ஊற்றுவது கெட்டியாக, ஐஸோடு ஒட்டி நிற்பதாக, கொஞ்சம் கொழுப்புள்ளதாக இருக்க வேண்டும். கெட்டிப்பாலில் இவை மூன்றும் இருக்கின்றன. தேங்காய்ப்பாலிலும் இவை மூன்றையும் கொண்டுவரலாம்.

400 மில்லி கெட்டித் தேங்காய்ப்பாலையும் 100 கிராம் சர்க்கரை அல்லது கருப்பட்டித் தூளையும் அடி கனமான சட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுதீயில் வைத்து, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே, ஏறத்தாழ பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், பொறுமை வேண்டும். இறக்கும்போது ஒரு சிட்டிகை உப்பு. ஆறியதும் இன்னும் கெட்டிப்படும். குளிர்பெட்டியில் சில நாள் இருக்கும். இதுதான் உங்கள் வீட்டுக் கெட்டிப்பால்.

செண்டோலுக்கு ஊற்றும் தேங்காய்ப்பாலுக்கு வேறு பக்குவம். தேங்காய்க் கொழுப்பு 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் உறையும். தலைப்பாலை அப்படியே ஐஸில் ஊற்றினால் அது மெழுகுத் துணுக்காகத் திரிந்து மேலண்ணத்தில் ஒட்டும். அதனால் தலைப்பாலோடு இரண்டாம் பாலைக் கலந்து, அரைத் தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்துவிட்டு, கொதிக்கவிடாமல் சூடாக்கி, உப்புப் போட்டு ஆறவையுங்கள். மாவு கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

பயறும் பக்குவம் பார்க்கும். இரவே ஊறவைத்து, நன்றாகக் குழைந்த பிறகுதான் சர்க்கரை சேர்க்க வேண்டும். முன்னாலேயே போட்டால் தோல் விறைத்துக்கொள்ளும். ராஜ்மா என்றால் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்தே ஆக வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைக் கெடுக்கும்.

ஐஸுக்கும் ஒரு பக்குவம் உண்டு. உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் துருவினால் கட்டி மிகக் குளிர்ந்து இறுகியிருப்பதால் நொறுங்கி மணல் மணலாக விழும். ஒரு பத்து நிமிடம் வெளியே வையுங்கள். மேற்பரப்பில் படிந்த வெண்பனி மறைந்து, கட்டி பளபளவென்று வியர்க்கத் தொடங்கும். அப்போது துருவினால் சுருள் சுருளாக, மெல்லிய இதழாக விழும். பாகு வழிந்து அடியில் தேங்காமல் இதழ்களுக்கிடையே தங்கும். ஜப்பானியக் கைவினைஞர்கள் இந்தப் பதத்துக்காகவே காத்திருக்கிறார்கள். பாலை உறையவைத்தால்தான் பஞ்சுபோல் வரும் என்பவர்களுக்கு, பதமான தண்ணீர் ஐஸும் கூர்மையான கத்தியுமே தக்க பதில்.

நம் கைவசம் இருக்கும் செல்வத்தையும் மறக்க வேண்டாம். இந்தியச் சாமான் கடைகளில் நன்னாரி சர்பத் கிடைக்கும். துருவிய ஐஸின்மேல் நன்னாரி, அரை மூடி எலுமிச்சை, ஊறவைத்த சப்ஜா விதை போட்டால் ஒரு கிண்ணம் தயார். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிச் சுக்கு தட்டிப்போட்டுக் காய்ச்சிய பாகு இன்னொன்று. பலாச்சுளையும் தேங்காய்க் கெட்டிப்பாலும் இன்னொன்று. இவற்றில் எதிலும் பால் இல்லாத குறை தெரியாது, ஏனென்றால் இவை எதுவும் பாலை நம்பிப் பிறக்கவில்லை.

நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். நனிசைவம் என்பதால் மட்டும் ஒரு பண்டம் உடம்புக்கு நல்லது ஆகிவிடாது. சர்க்கரை சர்க்கரைதான். தேங்காய்ப்பாலில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு, மருத்துவர் சொல் கேட்டுச் சாப்பிட வேண்டும். நான் கருணைக்காகப் பேசுகிறேன். உடம்பின்மேலும் அந்தக் கருணை வேண்டும்.

நிறைவாக, ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். மலாய்க்காரரும் சீனரும் சுற்றுலா வந்தவர்களும் நம் பந்தலில் கை நீட்டி வாங்கிக் குடிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நனிசைவர்கள் இருக்கிறார்கள், பால் ஒவ்வாத குழந்தைகள் இருக்கிறார்கள். உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைவு என்கிறது மருத்துவம். அவர்களும் அங்கே வருகிறார்கள். அடுத்த தைப்பூசத்துக்கு, பந்தல் போடும் ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு அண்டா தேங்காய்ப்பால் செண்டோல் வைக்கட்டும். பிழிந்த தேங்காய்ப்பால், குலா மலாக்கா, பச்சைச் செண்டோல், சுத்தமான தண்ணீரில் உறைந்த ஐஸ். அண்டாவுக்கு முன்னால் ஓர் அட்டையில் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் ‘பால் இல்லை’ என்று எழுதி வைப்போம்.

அந்த அண்டாவுக்கான தேங்காய் துருவவும், பாகு காய்ச்சவும், மாவு கிண்டவும் ஆள் வேண்டும். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். உங்களில் யார் யார் வருகிறீர்கள் என்பதை, இந்தக் கூட்டம் கலையும் முன்னே கையை உயர்த்திச் சொல்லுங்கள்.